‘ஹவ் டு நேம் இட்’ வயலினில் அப்படி என்ன இருக்கிறது?

பல்லடம் பக்கம் தறி ஓட்டும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “இளையராஜா போட்ட ‘ஹவ் டு நேம் இட்’டுல வர்ற வயலினைப் பத்தி எங்க ஊர்ல பெருசுக எல்லாம் அப்படிச் சிலாகிக்கறாங்க. நானும் கேட்டுப் பாத்தேன், நல்லாத்தான் இருக்குது. ஆனா அப்படி என்னங்க இருக்குது அதுல? வாசிச்சது ராஜாவேதானா? எம் பொண்ணு வேற வயலின் கத்துக்கணும்ங்கறா, ஒம்பது வயசு. இந்த மாதிரி வாசிக்கணும்னா கர்நாடகத்துல சேக்கறதா, வெஸ்டர்ன்ல சேக்கறதா?”

நடுக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டுக்கும் வழி அங்கேதான் இருக்கிறது. வாசித்தது ராஜா இல்லைங்க. வி.எஸ். நரசிம்மன். இசையை எழுதியது ராஜா. தனி வயலின் நரசிம்மன். 1986-இல் வந்த வாத்திய இசைத் தொகுப்பு இது. தியாகராஜருக்கும் ஜெர்மனியின் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் சமர்ப்பணம் என்று போட்டே வெளியிட்டார்கள். நரசிம்மன் பெயரும் அட்டையில் இருந்தது. ஆனால் நம்ம பக்கம் அட்டையோடு வாங்கியவர்கள் எத்தனை பேர்? ஈரோடு, திருப்பூர், கோபி எங்கே போனாலும் அப்போது ரெக்கார்டிங் கடைதான். 60 நிமிஷக் கேசட்டா, 90 நிமிஷக் கேசட்டா என்று கேட்டு, லிஸ்ட்டை வாங்கிக்கொண்டு, நாலு நாள் கழித்து வரச் சொல்வார்கள். கேசட் முதுகில் பால்பாயின்ட் பேனாவால் ‘ராஜா மியூசிக்’ என்று மட்டும் எழுதியிருக்கும். இந்தத் தொகுப்பு முடிந்து மிச்சம் கிடக்கும் நாடாவில் ரெண்டு சினிமாப் பாட்டையும் ஏற்றிக் கொடுப்பார்கள். வயலின்காரர் பேர் அப்படித்தான் காணாமல் போனது. முப்பது வருசமாக இதைக் கேட்டுவிட்டு இன்றைக்கும் “ராஜா வயலின்ல பின்னிட்டார்” என்று சொல்கிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ராஜாவின் பெருமையில் ஒரு குந்துமணியும் குறைக்கவில்லை. ஆனால் இந்தப் பதிவில் கேட்கிறவர் மனசைப் பிசைகிற விஷயம் பாதிக்கு மேல் வாசித்தவர் கையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. ஏன் என்று கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

வயலின் ஒன்று, வாசிக்கும் முறை இரண்டு. கர்நாடகத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலினின் சுருள் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை நெஞ்சில் சாய்த்துக்கொள்கிறோம். வாத்தியத்தின் கனம் இடது கைக்கு இல்லை. அதனால் அந்தக் கை தந்தியின் மேல் தாராளமாக வழுக்கி ஓடலாம். தந்திகளைச் ச-ப-ச-ப என்று சேர்ப்போம். வெஸ்டர்னில் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துப் பிடிப்பார்கள். தந்திகள் ஜி-டி-ஏ-ஈ, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ச-விலிருந்து ப வரைக்குமான தூரம். நமக்கு நடுவில் ஓர் இடத்தில் அது ப-விலிருந்து மேல் ச வரை என்று குறுகிவிடும். இந்த ஒரு வித்தியாசத்திலேயே விரல் கணக்கு மொத்தமும் மாறிப்போகும். ஒன்றில் பழகிய விரல் மற்றதில் போய் நின்றால் அபஸ்வரம்தான்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் ஸ்வரத்தை அசைப்பதில் இருக்கிறது. வெஸ்டர்னில் நீண்ட ஸ்வரத்தில் விரலை வைத்த இடத்திலேயே ஆட்டுவார்கள், விப்ராட்டோ என்று பேர். ஸ்வரம் இடம் மாறாது; கொஞ்சம் ஈரம் சேரும், அவ்வளவுதான். நம் கமகம் அப்படி இல்லை. பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு வரும், சில சமயம் அதையும் தாண்டிப் போய்விட்டு வரும். எவ்வளவு தூரம், எந்த வேகத்தில், எந்தப் பக்கமிருந்து என்பதெல்லாம் ராகத்தைப் பொறுத்தது. தோடி ராகத்தின் காந்தாரத்தை, அதாவது ‘க’வை, அசைக்காமல் வாசித்தால் அது தோடியே இல்லை. பாக்கில் கமகத்தைப் போட்டால் அது பாக்கே இல்லை.

இப்போது அந்தத் தொகுப்பைப் போட்டு, நரசிம்மனின் இடது கையை மட்டும் காதால் பிடித்துக்கொண்டு போங்க. நேராக நிற்கிற இடத்தில் விப்ராட்டோ. வரி வளைகிற இடத்தில் கமகம், ஜாரு என்கிற வழுக்கல். ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவும்போது தட்டுப்படவே தட்டுப்படாது. ராஜா ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதிக் கொடுப்பவர். அந்த ஐந்து கோட்டுக்குள் ஸ்வரத்தை எழுதலாம், காலத்தை எழுதலாம், எங்கே உரக்க எங்கே மெதுவாக என்று எழுதலாம். ஒரு நிஷாதம் (‘நி’) ஷட்ஜத்தை (‘ச’) தொட்டுத் தொட்டுத் திரும்புகிற தினுசை முழுசாக எழுத முடியாது. எழுதியவர் பாடியே காட்டினாலும், அது தந்தியில் எப்படி வரவேண்டும் என்று தீர்மானிப்பது வாசிப்பவரின் விரல். அதனால்தான் இதே நொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு வேறு ஆள் வாசிக்கும்போது ஸ்வரம் எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ ஒன்று குறைகிறது.

தொகுப்பிலேயே எனக்கு ரொம்பப் பிடித்ததும், இதை நேராகக் காட்டுவதும் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’. அதில் ஓடுவது பாக் எழுதிய வயலின் இசையேதான். துணைக்கருவி எதுவும் இல்லாமல் ஒற்றை வயலினுக்கென்று அவர் எழுதிய ஆறு படைப்புகளின் கையெழுத்துப் பிரதியில் 1720 என்று ஆண்டு இருக்கிறது. அந்த ஆறில் மூன்று ‘பார்ட்டீட்டா’, அதாவது நடன இசைகளைக் கோத்த தொகுதி. அதில் மூன்றாவதின் முதல் பகுதிதான் இது. பிரெலூடியோ என்பார்கள், முன்னோட்ட இசை. பாக்குக்கே அது ரொம்பப் பிடித்திருக்க வேண்டும். 1731-இல் ஒரு தேவாலய இசைக்கு அதையே எடுத்து ஆர்கனுக்கு மாற்றி, பெரிய வாத்தியக் குழுவையும் சேர்த்துப் போட்டுக்கொண்டார். ராஜா அந்த வயலின் ஓட்டத்தை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றித் தன் வரிகளைப் பின்னினார்.

அந்தப் பிரெலூடியோவில் மொத்தம் 138 தாளக் கட்டங்கள். மூச்சு விட இடமே இருக்காது. ஆரம்பத்தில் ஒரு சின்ன எடுப்பு, அப்புறம் கடைசி வரைக்கும் பதினாறாம் பாகச் சன்ன ஸ்வரங்கள்தான். கொஞ்ச நேரத்திலேயே ஓர் இடம் வரும்: ஒரே ஸ்வரத்தைத் திறந்த ஈ தந்தியிலும், பக்கத்துத் தந்தியில் விரல் வைத்தும் மாறி மாறி எடுக்க வேண்டும், நடுவில் மற்ற ஸ்வரங்களும் புகுந்து புறப்படும். இடது கை சும்மா இருப்பது போலத் தெரியும். வேலை முழுக்க வலது மணிக்கட்டில். தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவது போல வில் தந்திக்குத் தந்தி மாறிக்கொண்டே இருக்கும். என்னிடம் படிக்கிற பிள்ளைகளில் வெஸ்டர்ன் இசைக்கான டிரினிட்டி தேர்வில் மேல் கிரேடு வரைக்கும் வந்தவர்கள் இதைக் கேட்டு ஆசைப்பட்டுத் தொடுவார்கள். முதல் பக்கம் தாண்டுவதற்குள் தோள்பட்டை இறுகிப்போகும். முழங்கையை ஆட்டி வாசித்தால் வேகம் வராது, மணிக்கட்டை மட்டும் ஆட்டினால் சத்தம் மெலிந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் அந்த அளவைக் கண்டுபிடிக்க வருசங்கள் ஆகும்.

கர்நாடகக் காதுக்கு இது ஏறக்குறைய சங்கராபரண ராகம். ஆனால் கமகமே இல்லாத சங்கராபரணம், மேற்கத்திய மெட்டில் அமைந்த முத்துஸ்வாமி தீட்சிதரின் நொட்டுஸ்வரங்களைக் கேட்டவர்களுக்குப் பழகிய தினுசு. பழக்கமில்லாதது எதுவென்றால் ஷட்ஜமே இடம் மாறுவது. நமக்கு ‘ச’ நகரக் கூடாது. தம்புரா கச்சேரி முடிகிற வரைக்கும் அதே இடத்தில் நிற்கும். பாக் கொஞ்ச நேரம் ஓர் இடத்தை ‘ச’ என்று நிறுத்துவார், அப்புறம் பஞ்சமத்தை, அதாவது ‘ப’வை, புது ‘ச’ ஆக்குவார், அங்கிருந்து வேறெங்கோ போய், சுற்றி வீடு திரும்புவார். தம்புராவைப் போட்டுக்கொண்டு பிரெலூடியோவை வாசித்துப் பாருங்க, சீக்கிரமே காது கடுக்கும். இந்த இரண்டு இசையையும் ஒரே அறையில் உட்கார வைப்பதில் இருக்கிற நிஜமான சிக்கல் இதுதான். வெறுமனே ‘ஃப்யூஷன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மேலே மேற்கத்திய வயலின், கீழே மிருதங்கம் என்று ஒட்டவைப்பது சுலபம். ஒருத்தர் வீட்டில் இன்னொருத்தர் வாசல் வழியாக உள்ளே வந்து உட்காருகிற மாதிரி எழுதுவது வேறு வேலை. அடுத்த உருப்படிக்கு ‘அண்ட் வீ ஹேட் எ டாக்’ என்று பேர் வைத்திருக்கிறார். தலைப்பு இரண்டையும் சேர்த்துப் படித்தாலே ஆளின் குசும்பு தெரியும்.

இதைக் கேட்டுவிட்டு ‘தியாகராஜரும் பாக்கும் சமகாலத்தவர்’ என்று மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லைங்க. பாக் இறந்தது 1750. தியாகராஜர் பிறந்தது 1767. ஒருத்தரைப் பற்றி மற்றவருக்குத் தெரிந்திருக்கவும் வழியில்லை. ஆனால் வயலின் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது தியாகராஜர் உயிரோடு இருந்த காலத்தில்தான். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னையில் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதை நம் இசைக்குத் திருப்பினார். தஞ்சை நால்வர் என்ற இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் 1834-இல் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசாகக் கொடுத்தார். அவ்வளவு சீக்கிரம் இந்த வாத்தியம் நமக்கு ஒட்டிப்போனதற்குக் காரணம் ரொம்ப எளிது: வீணையில் இருக்கிற மாதிரிக் கழுத்தில் விரலுக்கு இடம் குறிக்கும் மெட்டுக் கட்டை கிடையாது. விரலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், எப்படி வேண்டுமானாலும் வழுக்கலாம். அதே காரணத்தால்தான் நரசிம்மனால் ஒரே வயலினில் இரண்டு ஊருக்கும் போய் வர முடிகிறது.

எதிர்த் திசையிலும் பயணம் நடந்திருக்கிறது, அதுவும் நம்ம ஊரிலிருந்தே. கோயமுத்தூர் தாயி என்று ஒரு பாடகி இருந்தார். கிராமபோன் வந்த புதிதில் இசைத்தட்டு கொடுத்தவர்களில் ஒருவர். பிரான்ஸ் நாட்டு இசையமைப்பாளர் மொரீஸ் தெலாஜ் அவர் குரலில் சொக்கிப்போய், தாயியின் இசைத்தட்டு ஒன்றை அடியொற்றி 1910-களில் ‘ராகமாலிகா’ என்ற பாடலை எழுதினார். பாரிஸில் இருக்கிற ஆட்கள் கோயமுத்தூர்க் குரலைக் கேட்டுப் பாட்டு எழுதிய ஊர் இது. இங்கே பாக் கேட்டால் மட்டும் ‘நமக்கெதுக்குங்க இதெல்லாம்’ என்கிறார்கள்.

சரி, நம்ம ஜனங்கள் இதை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்பதற்கு வருகிறேன். மூன்று விதமாகப் பார்த்திருக்கிறேன். முதலாவது, பாலு மகேந்திராவின் ‘வீடு’ படம் வழியாக வந்தவர்கள். 1988-இல் வந்த அந்தப் படத்தில் பாட்டே கிடையாது. பின்னணிக்கு இந்தத் தொகுப்பின் இசையைத்தான் எடுத்துப் போட்டிருந்தார். இவர்களுக்கு வயலின் கேட்டாலே பாதியில் நிற்கிற செங்கல் சுவரும் அர்ச்சனாவின் முகமும்தான். இசை அவர்களுக்குத் தனியாகக் கேட்பதே இல்லை. குறை சொல்லவில்லை, ஆனால் அந்தச் சோகம் படத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. படம் பார்க்காமல் கேட்டால் தொகுப்பில் துள்ளலும் விளையாட்டும் எவ்வளவோ இருக்கிறது.

இரண்டாவது, பஸ் ரசிகர்கள். கோவை – பொள்ளாச்சி, ஈரோடு – கோபி தடங்களில் தனியார் பஸ்காரர்கள் பாட்டுப் போடுவதில் காட்டுகிற போட்டியைப் பற்றி நம்ம ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்தைப் பிடிப்பதே ராஜா பாட்டுத்தான். பின் சீட்டு ஸ்பீக்கரில் நெஞ்சு அதிரக் கேட்டவர்கள் இவர்கள். அவர்களுக்குப் பிடித்தது பேஸ், தாளம். வயலின் அதற்கு மேலே மிதந்து போகிற ஒன்று.

மூன்றாவது வகையிடம்தான் நான் கொஞ்சம் சண்டை போடுவேன். ‘பாக்கை விட ராஜா பெரியவர்’ என்று ஒரு கோஷ்டி, ‘இது பாக்கைக் காப்பி அடிச்சது’ என்று இன்னொரு கோஷ்டி. இதே தொகுப்பில் ஓர் உருப்படிக்கு ‘டோன்ட் கம்பேர்’ என்று பேர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனுசன். அதைக் கேட்டுக்கொண்டே ஒப்பிட்டுச் சண்டை போடுகிறார்கள்! இரண்டு கோஷ்டியிலும் நரசிம்மன் பேரைச் சொல்கிறவர் ஒருத்தரும் இல்லை என்பது எனக்குக் கூடுதல் வருத்தம்.

எல்லாமே அப்பழுக்கில்லாத தங்கம் என்றும் சொல்ல மாட்டேன். சில இடங்களில் பின்னணிச் சத்தத்தில் 80-களின் வாடை அடிக்கும். வயலின் தனியாக விடப்படுகிற இடங்கள்தான் இன்றைக்கும் நிற்கின்றன. இரண்டு வருசம் கழித்து ஹரிபிரசாத் சௌரஸியாவின் புல்லாங்குழலோடு ராஜா போட்ட ‘நத்திங் பட் விண்ட்’ சத்தத்தில் இன்னும் வழுவழுப்பாக இருக்கும். ஆனால் இதிலிருக்கிற பிடிவாதம் அதில் இல்லை என்பது என் எண்ணம்.

நரசிம்மன் அதற்கு முன்னும் பின்னும் ராஜாவின் சினிமாப் பாட்டுகளில் எத்தனையோ வாசித்திருக்கிறார். சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவில் தனி வயலின் ஒன்று எழும்பி வந்தால் அது பெரும்பாலும் அவராக இருக்கலாம் என்று நினைத்துக் கேளுங்க. 1993-இல் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் என்ற குழுவை ஆரம்பித்தார். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஐரோப்பிய நால்வர் குழு மாதிரியே, கர்நாடகக் கீர்த்தனைகளை வாசிப்பார்கள். கீர்த்தனையின் வரி ஒன்றில், மற்ற மூன்றும் அதற்குக் கீழே தனித்தனி வரி போட்டு நடக்கும். ராகம் கெடாது. ‘ஹவ் டு நேம் இட்’ பிடித்தவர்கள் அடுத்து அங்கே போவதுதான் முறை. ராஜா இல்லாமல் நரசிம்மன் யார் என்று அங்கே தெரியும்.

கேட்கிற விதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தம்பி, தறிக் குடோனுக்குள் போனில் போட்டுக் கேட்டிருந்தீர்கள் என்றால், ‘நல்லாத்தான் இருக்குது’ என்பதற்கு மேல் உங்களால் சொல்லியிருக்க முடியாது. தறிச் சத்தத்தில் முதலில் காணாமல் போவது வில்லின் உரசல். அந்த உரசல்தான் இங்கே உயிர். பழைய கேசட் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான். ஒன்றிலிருந்து ஒன்று காப்பி எடுத்ததில் மேல் ஸ்தாயி மழுங்கியிருக்கும். டேப்பின் ஹெட் அழுக்காகவோ கோணலாகவோ இருந்தால் கேட்கவே வேண்டாம். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்து, பக்கத்தில் இருக்கிற சின்ன ஸ்க்ரூவைச் சன்ன ஸ்க்ரூட்ரைவரால் துளி துளியாகத் திருப்பிப் பாருங்க. ஓர் இடத்தில் சட்டென்று வயலின் திரையை விலக்கிக்கொண்டு முன்னால் வரும். டேப் இல்லாதவர்கள் ராத்திரி தறி நிறுத்தியபின் நல்ல இயர்போனில் கேட்டால் போதும். முதலில் ராஜாவின் பாக்கைக் கேளுங்க. அடுத்து நேதன் மில்ஸ்டைனோ ஆர்தர் க்ருமியோவோ வாசித்த அதே பிரெலூடியோவைத் தனி வயலினில் கேளுங்க. இருவர் பதிவும் சுலபமாகக் கிடைக்கிறது. ஹைஃபெட்ஸ் வேண்டாம், இப்போதைக்கு. அந்த வேகத்தில் புதுக் காதுக்கு ஒன்றும் பிடிபடாது. அப்புறம் லால்குடி ஜெயராமனோ எம்.எஸ். கோபாலகிருஷ்ணனோ வாசித்த ஒரு சங்கராபரண ஆலாபனை. மூன்றையும் ஒரே உட்காரலில் கேட்டுவிட்டு மறுபடி ராஜாவுக்கு வந்தால், நரசிம்மன் எந்த இரண்டு கரைக்கு நடுவில் நிற்கிறார் என்று நான் சொல்லாமலே விளங்கும்.

கடைசியாகப் பாப்பா விஷயம். இரண்டையும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்காதீங்க. விரல் கணக்கு குழம்பும் என்று மேலே சொன்னதுதான் காரணம். கர்நாடகமா வெஸ்டர்னா என்று ரொம்ப யோசிக்கவும் வேண்டாம். உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வர முடிகிற தூரத்தில் யார் நல்ல ஆசிரியரோ, அவர் சொல்லித் தருவது எதுவோ, அதில் சேருங்க. ஒன்றில் கை நன்றாக ஊன்றியபின் மற்றதுக்குப் போகலாம். நாலைந்து வருசம் ஆனாலும் பரவாயில்லை. இதற்கு நடுவில் வாய்ப்பாட்டு மட்டும் கொஞ்சம் இருக்கட்டும், கமகம் முதலில் தொண்டையில் வந்துவிட்டால் விரலுக்கு வருவது சுலபம். ஒன்பது வயசுக்கு முழு வயலின் வாங்கிவிடாதீங்க. கை நீளம் பார்த்து அரை சைஸோ முக்கால் சைஸோ ஆசிரியர் சொல்வார். ‘வளர்ந்தா ஆகும்’ என்று பெரிசாக எடுத்தால் விரல் எட்டாமல் பிள்ளை ஒரே மாசத்தில் பெட்டியை மூடி வைத்துவிடும். வாங்கும்போது வில்லையும் பாருங்க. விலை குறைந்த செட்டுகளில் வயலின் சுமாராகவாவது இருக்கும், வில் பெரும்பாலும் குச்சிதான். காசு கொஞ்சம் கூடப் போட முடியுமென்றால் அதை வில்லுக்குப் போடுங்க.